புதினமும் பகிடியும்: ஓட்டமாவடி மண்ணை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் வழக்கிலே செய்தியைப் ‘புதினம்’ என்பர். செய்தித்தாளுக்குப் ‘புதினப் பத்திரிகை’ என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கி வந்தது. தமிழகத்திலோ அதே சொல் நாவலைக் குறிப்பதாயிற்று. ஒரு சொல் கடலின் இக்கரையில் நிகழ்ந்ததையும் அக்கரையில் புனைந்ததையும் சுட்டுவது மொழியின் தற்செயல் எனலாம். ஆயினும் அரசாங்க அறிக்கைகள் சிலவற்றைத் தொடர்ந்து படித்து வந்தோர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மயங்குவதில் வியப்பில்லை. ஊருக்குள் ஒருவர் புதினம் கொண்டுவந்தால் கேட்டவர் வாளா இருப்பதில்லை. பதிலுக்கு ஒரு ‘பகிடி’ பிறக்கும். புதினத்துக்கு ஆசிரியர் உண்டு, அச்சகம் உண்டு, காலமும் உண்டு. பகிடிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அதனாற் போலும், முன்னதற்கு வரலாறு எழுதப்பட்ட அளவுக்குப் பின்னதற்கு எழுதப்படவில்லை.

தமிழிலக்கண மரபு நகைப்பை எளிதாக ஒதுக்கிவிடவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் நிலைக்களன்களை நான்காக வகுக்கின்றது. பிறரை எள்ளுதலும் அறியாமையும் அவற்றுள் அடங்குவன. செய்யுளியல், அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கின்றது. வெளிப்படையாக வைவது முதலாவது. வைவது தெரியாமல் வைவது இரண்டாவது. புலவர் செய்யுளை மனத்திற் கொண்டு செய்த பாகுபாடு இது. எனினும் அதிகாரத்துக்கு அஞ்சி வாழும் சாதாரண மக்களின் வாய்ப்பேச்சுக்கே இது பெரிதும் பொருந்துகின்றது. அரசரைப் பாடும் புலவனுக்குப் பழிகரப்பு ஓர் அணி. சோதனைச் சாவடியைத் தினமும் கடப்பவனுக்கு அது தற்காப்பு.

விஞ்ஞானம், தொழினுட்பம், பாதுகாப்பு, அரசியல் ஆகியவை பற்றிய அதிகாரபூர்வமான கூற்றுகளைக் கிழக்கிலங்கை மக்கள் பகிடியால் எதிர்கொண்ட வகை தனி ஆய்வுக்குரியது. அப்பகிடி வெறும் பொழுதுபோக்கன்று. அறிஞர் அவைகளிற் கேட்கப்படவேண்டிய கேள்வி அங்கே கேட்கப்படாதபோது, அது திண்ணையிலும் தேநீர்க்கடையிலும் பகிடியின் உருவிற் கேட்கப்பட்டது. இதனை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சித்தொடர் 2020ஆம் ஆண்டிலே தொடங்கி ஓட்டமாவடியின் மண்ணிலே வந்து நின்றது. அதனை விளங்கிக்கொள்ள அவ்வூரையும், அதற்கு முற்பட்ட சில செய்திகளையும் அறிதல் வேண்டும்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாகத்திலே, வாழைச்சேனைக் களப்பின் ஓரமாக, கோறளைப்பற்று மேற்குப் பிரிவில் அமைந்தது ஓட்டமாவடி. வயலும் களப்பும் கடலும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ள ஊர். முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் இவ்வூருக்கு மிக அருகிலேயே தமிழ்க் கிராமங்களும் உள்ளன. வெளியூரார்க்கு இவ்வூரை அறிமுகப்படுத்தியது இதன் பாலம். 1920களில் அமைக்கப்பட்ட அவ்விரும்புப் பாலத்தில் புகையிரதமும் வீதிப் போக்குவரத்தும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொண்டன. மட்டக்களப்புக்கு 1928இல் புகையிரதச் சேவை தொடங்கிற்று. அன்று முதல், 2010இல் வீதிக்கெனத் தனிப்பாலம் திறக்கப்படும் வரையில், ‘கோச்சி’ வருகின்றது என்றால் வண்டிகளும் மனிதரும் காத்து நிற்கவேண்டியதுதான். காத்து நிற்கும் இடத்திலேதான் பேச்சு வளரும் என்பதை ஊர்ப்புறம் அறிந்தோர்க்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு புதுமையும் அருகிலேயே இருந்தது. 1950களின் நடுப்பகுதியில் இயங்கத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை, இப்பகுதி வயல்களின் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. மாட்டுக்குப் போட்ட வைக்கோல் பள்ளிக்கூடத்துக் கொப்பியாக மாறி வீட்டுக்குத் திரும்பும் விந்தையைக் கண்டு பழகிய மக்கள் இவர்கள். தொழினுட்பம் என்பது இவர்களுக்குத் தொலைதூரத்து வியப்பாக இருந்ததில்லை.

நாட்டார் வழக்காற்றிலும் இப்பண்புக்கு வேர் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே ‘கவி’ எனப்படும் நாலடிப் பாடல்கள் பெரிதும் பெண்களின் வாயிலே வளர்ந்தவை. காதலும் பிரிவும் அவற்றின் பெரும் பொருளாயினும், ஊராரை இடித்துரைக்கும் வசைக்கவிகளும் அவற்றுள் உள. ‘நொடி’ எனப்படும் விடுகதை, கேட்பவனை மடக்கிச் சிந்திக்கவைப்பது. தமிழ்க் கிராமங்களிலே கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் வடசேரியாரும் தென்சேரியாரும் ஒருவர்மேல் ஒருவர் வசைபாடுவதற்கு மரபே இடங்கொடுத்தது. விளையாட்டு முடிந்ததும் வசையும் முடிந்துவிடவேண்டும் என்பதும் அம்மரபின் விதியே. இவ்விதியை மறந்த காலங்கள் பின்னர் வந்தன.

நாட்டு அரசியலும் விஞ்ஞானமும் ஒரே பகிடியில் சந்தித்த முதற் பெருநிகழ்ச்சி 1970ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1969 யூலையில் மனிதன் சந்திரனிற் காலடி வைத்தான். அடுத்த ஆண்டு மே மாதம் நடந்த பொதுத்தேர்தலின்போது, சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து தருவோம் என்று சிறிமாவோ பண்டாரநாயக்கா அணியினர் வாக்களித்ததாக நாடெங்கும் பேசப்பட்டது. அக்கூற்று எந்த மேடையில் எந்தச் சொற்களிற் சொல்லப்பட்டது என்பதைவிட, மக்கள் அதனைப் பற்றிக்கொண்ட வேகமே குறிப்பிடத்தக்கது. சில ஆண்டுகளுள் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. அரிசிப் பங்கீடு குறைந்தது. பாணுக்கு விடியலிலேயே வரிசை நின்றது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு வெளியே நெல் விற்பதும், அரிசியை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டன. நெல் விளைவிப்பவனே தன் நெல்லை மறைத்துக் கொண்டுசெல்லவேண்டிய நிலையிலே, சந்திரன் என்ற சொல்லுக்கு ஒரு புதுப்பொருள் ஏறிற்று. அமெரிக்கர் அங்கிருந்து கல்லைக் கொண்டுவந்தனர். அரிசி மட்டும் வந்தபாடில்லை. அரசியல்வாதி சொன்னதை மறுக்காமல், ஏற்றுக்கொண்டு, அதன் முடிவு வரை கொண்டுபோய்க் காட்டும் இம்முறையே ஈழத்துப் பகிடியின் தலையாய உத்தியாகும். மறுத்துரைப்பவன் எதிர்க்கட்சிக்காரன் எனப்படுவான். ஏற்றுக்கொண்டு கேட்பவனை என்ன சொல்வது?

இவ்வுத்தியை அச்சிலே வளர்த்தவர் சுந்தர் என அறியப்பட்ட சி. சிவஞானசுந்தரம். 1960களின் முற்பகுதியிலே கொழும்பில் அவர் தொடங்கிய ‘சிரித்திரன்’ பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. அவர் படைத்த சவாரித்தம்பரும் ‘மகுடி’ என்ற பெயரில் அவர் அளித்த கேள்வி பதில்களும் தமிழ் வாசகர் பலர்க்கும் அறிமுகமானவை. ஆட்சியாளரைச் சாடுவதோடு நில்லாது, தன் சொந்தச் சமூகத்தின் சீதனப் பேராசையையும் போலிக் கௌரவத்தையும் அவர் சாடினார். அங்கதத்தின் தகுதியை அளக்க இதுவே நல்ல அளவுகோல் எனலாம். தன்னையும் உட்படுத்தாத நகைப்பு நெடுநாள் நிலைப்பதில்லை.

பின்னர் வந்த போர்க்காலத்தில் பகிடி தாழ்ந்த குரலுக்கு இறங்கிற்று. இரு தரப்பாரும் வெளியிட்ட இழப்பு எண்ணிக்கைகளைக் கூட்டியும் கழித்தும் பார்ப்பது வானொலி கேட்போரின் வழக்கமாயிற்று. சொல்வது யார், கேட்பது யார் என்று சுற்றிலும் பார்த்துவிட்டே அக்கணக்கைப் பேசினர். 1980களின் நடுவிலிருந்து கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சும் நிலை தோன்றியபோது, அயலவனைப் பற்றிய பகிடி அதன் பழைய விதியை இழந்தது. கொம்புமுறியின் வசை விளையாட்டோடு முடிந்தது. இக்காலத்து வசை அவ்வாறு முடியவில்லை. கிழக்கிலங்கை நகைச்சுவையைப் போற்ற விழைவோர் இவ்விருண்ட பக்கத்தை மறைத்துவிட்டு எழுதுவது முறையாகாது.

போர் 2009இல் முடிவுற்றது. அச்சம் வேறு உருக்கொண்டது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரிலே முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கொத்து ரொட்டிக் கறியில் ஆண்மை நீக்கும் மாத்திரை கலக்கப்பட்டது என்ற வதந்தி எழுந்து, உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது கறியிற் கண்டது கட்டிபட்ட மாப்பொருளே என்பது தெரியவந்தது. அவ்வாறான விளைவைத் தரும் மாத்திரை ஒன்று உலகில் இல்லை என்பதை மருத்துவ அறிவுடையோர் எடுத்துரைத்தனர். உலகின் மருந்துக் கம்பனிகள் யாவும் கோடிகள் செலவிட்டும் கண்டுபிடிக்காத ஒன்றைக் கொத்து ரொட்டிக் கடையின் சமையற்காரர் கண்டுபிடித்திருந்தால், அவருக்குக் கிடைக்கவேண்டியது அடியன்று, நோபல் பரிசு. இவ்வாறு எண்ணிச் சிரித்தவர்களின் சிரிப்பிலே மருந்தியலின் முழு நியாயமும் அடங்கியிருந்தது. ஆனால் தீ வைத்தவர்கள் அப்பகிடியைக் கேட்கும் நிலையில் இல்லை.

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலே குழந்தைகளும் மாண்டனர். அத்துயரத்தின்முன் நகைப்புக்கு இடமிருக்கவில்லை. முஸ்லிம் ஊர்களிலும் இருக்கவில்லை. அதன்பின் பாதுகாப்பின் பேரால் நடந்த சிலவே நகைப்பை மீண்டும் வரவழைத்தன. ஏப்ரல் 29ஆம் நாள் அவசரகால விதியின்கீழ் முகத்தை மூடும் ஆடை தடை செய்யப்பட்டது. மே மாதத்தில் ஹசலக்கவிலே, உடையில் தர்மச் சக்கரத்தை அச்சிட்டிருந்தார் என்று முஸ்லிம் பெண் ஒருவர் கைது செய்யப்பட்டார். துணியில் இருந்ததோ கப்பலின் சுக்கான் சக்கரம். சக்கரம் எது, சுக்கான் எது என்பதை ஆராயும் பொறுப்பு நீதிமன்றத்தைச் சேர்ந்ததாயிற்று. தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாகச் சொன்ன அறியாமைக்கு இதனிலும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது. ஆயினும் அந்தப் பெண் பல நாட்கள் சிறையில் இருந்தார் என்பதை மறந்துவிட்டு இதனை நகைச்சுவையாக மட்டும் படித்தல் தகாது.

சொல்லே குற்றமாகக் கருதப்பட்டதற்கும் சான்று உண்டு. ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியை வெளியிட்ட இளங்கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதாகி, 2021 டிசெம்பர் வரை தடுத்து வைக்கப்பட்டார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் உள்ளன என்று தமிழறிந்தோர் பலர் எடுத்துக்காட்டினர். தமிழ் அறியாதவர்கள் தமிழ்க் கவிதையின் பொருளைத் தீர்மானிக்கும் நாட்டில், பழிகரப்பு அங்கதம் புலமை விளையாட்டாக எஞ்சியிருக்க இயலுமா?

இவ்வாறான சூழ்நிலையில்தான் கொள்ளைநோய் வந்தது. 2020 மார்ச் இறுதியிலே இலங்கையில் கொவிட்-19 நோயால் முஸ்லிம் ஒருவர் முதன்முறையாக இறந்தபோது உடல் தகனம் செய்யப்பட்டது. ஏப்ரல் 11ஆம் நாள் வெளியான வர்த்தமானி அறிவித்தல், இந்நோயால் இறப்போர் அனைவரின் உடலும் எரிக்கப்படவேண்டும் என விதித்தது. அடக்கமும் தகனமும் இரண்டும் ஏற்புடையன என உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே வழிகாட்டியிருந்தது. முஸ்லிம்களுக்கு மரித்தோரைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது மண்ணில் அடக்குவது சமுதாயத்தின்மேல் விதிக்கப்பட்ட கடமை. அரசாங்கத்தின் தடைக்குக் கூறப்பட்ட காரணம் விஞ்ஞானமாக இருந்தது: உடலைப் புதைத்தால் வைரசு நிலத்தடி நீரிற் கலக்கும் என்பதே அக்காரணம்.

இக்காரணம் ஆராயத்தக்கது, ஆராயவும் பட்டது. வைரசு உயிருள்ள கலத்துக்குள்ளேயே பெருகக்கூடியது. உயிர் நீங்கிய உடலில் அது பெருகுவதில்லை. ஆழப் புதைத்த உடலிலிருந்து மண்ணின் படைகளைக் கடந்து நீரை அடைந்து, அந்நீரைப் பருகியவருக்கு மூச்சுறுப்பு நோயை உண்டாக்கும் என்பதற்கு எந்த நாட்டிலும் சான்று கிடைக்கவில்லை. 2003இல் சார்ஸ் வைரசை இனங்கண்ட குழுவில் முதன்மை பெற்றவரும் இலங்கையிற் பிறந்தவருமான பேராசிரியர் மலிக் பீரிஸ் இவ்வச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பதை வெளிப்படையாகவே தெரிவித்தார். இலங்கை மருத்துவச் சங்கமும் 2021இன் தொடக்கத்தில் அடக்கத்தை அனுமதிக்கலாம் எனக் கருத்துரைத்தது. ஆனால் இவ்வறிஞர்களின் கருத்துகள் வெளிவருமுன்னரே பாமர மக்கள் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டனர். நோயாளி ஒருவர் உயிரோடிருக்கும்போது மருத்துவமனையின் மலசலகூடத்தைப் பல நாட்கள் பயன்படுத்துகின்றார். அவ்வேளையில் நிலத்துக்குள் இறங்காத வைரசு அவர் இறந்தபின் மட்டும் இறங்குவது எவ்வாறு? இடக்கான கேள்வி, அவையிற் கேட்கத் தயங்கும் கேள்வி. வீட்டுக்கு வீடு கிணறும் மலக்குழியும் அருகருகே வைத்து வாழ்வோர்க்கு அதனைக் கேட்க எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. கைத்தொலைபேசிகளிற் படமாகவும் துணுக்காகவும் அது பரவிற்று. இங்குப் பகிடி விஞ்ஞானத்துக்கு எதிராக நிற்கவில்லை. விஞ்ஞானத்தின் உடையணிந்து வந்த ஒன்றை அது விஞ்ஞானத்தின் முறையாலேயே சோதித்தது.

ஆட்சியாளர்களோ பகிடி செய்வோரின் வேலையைப் பெரிதும் எளிதாக்கினர். 2020 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, நோய் நீங்கும் பொருட்டு மந்திரித்த நீர் கொண்ட முட்டியை ஆற்றில் இட்டார். டிசெம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர், தெய்வ அருளால் தாம் அறிந்ததாகக் கூறித் தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி ஒன்றை வெளியிட்டார். ஒன்றுகூடல் தடையையும் மீறி ஆயிரக்கணக்கானோர் அதற்காகத் திரண்டனர். அமைச்சர் அதனைப் பலர் பார்க்க அருந்தினார். 2021 சனவரியிலே அவரே நோய்வாய்ப்பட்டார். அவர் நலம்பெற்று மீண்டமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நீரில் முட்டியை இட்டால் நோய் போகும் என்பதும், நீருக்கு அண்மையில் உடலை இட்டால் நோய் வரும் என்பதும் ஒரே அமைச்சின் வாயிலிருந்து ஒரே பருவத்திலே வந்தன. இவ்விரண்டையும் அருகருகே வைப்பதைத் தவிர நகைச்சுவையாளன் செய்யவேண்டியது வேறொன்றும் இருக்கவில்லை. அங்கதத்தை ஆட்சியே எழுதிக் கொடுத்துவிட்டது.

அதே டிசெம்பரில் மற்றொரு செய்தி வெளியாயிற்று. இலங்கை முஸ்லிம்களின் உடல்களை மாலைதீவில் அடக்க இயலுமா என ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச வேண்டிக்கொண்டதற்கிணங்க, அந்நாட்டு அரசு அதனை ஆலோசிப்பதாக மாலைதீவு வெளிநாட்டமைச்சர் அறிவித்தார். மாலைதீவின் நிலம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீற்றர் அளவே உயர்ந்தது. நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டு மலைநாடு கொண்ட ஒரு தேசம் தன் பிணங்களைப் பவளத்தீவுக்கு அனுப்ப எண்ணியதைப் புவியியல் மாணவர் எவரும் விளக்கிவிட முடியாது.

இங்ஙனம் சிரிப்பு வளர்ந்துகொண்டிருந்த அதே நாட்களில் அதனை நிறுத்திய நிகழ்ச்சியும் நடந்தது. கட்டாயத் தகனத்தை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் டிசெம்பர் 1ஆம் நாள் தள்ளுபடி செய்தது. 9ஆம் நாள், பிறந்து இருபதே நாட்களான முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடல், பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பிலே எரிக்கப்பட்டது. அதன்பின் பொரளை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டத் தொடங்கினர். முஸ்லிம்கள் மட்டுமன்றிச் சிங்களவரும் தமிழரும் கிறித்தவக் குருமாரும் கட்டினர். இரவோடிரவாக அத்துணிகள் அகற்றப்பட்டன. மறுநாள் மீண்டும் கட்டப்பட்டன. கபன் துணியின் ஒரு கீற்று அது. அதில் எழுத்து இல்லை, முழக்கம் இல்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழும் வெள்ளைத் துணியைக் குற்றமாக்க முடியவில்லை. சிரிப்பை முழுவதும் துறந்துவிட்ட பழிகரப்பு என்று இதனைச் சொல்லத் தோன்றுகின்றது. சுவை நகையிலிருந்து அழுகைக்கு மாறியபின்னும் உத்தி மாறவில்லை.

2021 பெப்ரவரி 10ஆம் நாள் பிரதமர் மகிந்த ராஜபக்ச அடக்கம் அனுமதிக்கப்படும் என்று பாராளுமன்றத்திலே கூறினார். மறுநாளே அதற்கு மாறான விளக்கங்கள் வந்தன. அம்மாத இறுதியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான்கான் வந்து சென்றதையடுத்து, 25ஆம் நாள் வர்த்தமானி திருத்தப்பட்டது. நிலத்தடி நீர் ஒரு விருந்தினரின் வருகையால் தூய்மை அடைந்த விந்தையைப் பலரும் எடுத்துப் பேசினர். அடக்கம் எங்கே என்ற கேள்விக்கு முதலில் வந்த விடை இரணைதீவு. கடற்படையால் 1990களின் முற்பகுதியில் வெளியேற்றப்பட்டு, நீண்ட போராட்டத்தின் பின் 2018இலேதான் தம் தீவுக்கு மீண்ட கத்தோலிக்க மீனவ மக்கள் அதனை எதிர்த்தனர். அது முஸ்லிம்களுக்கு எதிரான குரலன்று. தம்மைக் கேளாமல் தம் மண்ணைத் தீர்மானிக்கும் வழக்கத்துக்கு எதிரான குரல். இரண்டு சிறுபான்மையினரை ஒரு தீவின் பொருட்டு மோதவிடும் இம்முயற்சியில், நல்வேளையாக, இரு தரப்பினரும் விழுந்துவிடவில்லை.

அதன்பின்பே ஓட்டமாவடியின் பெயர் வந்தது. சூடுபத்தினசேனை, மஜ்மா நகர்ப் பகுதியில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் 2021 மார்ச் 5ஆம் நாள் முதல் உடல்கள் அடக்கப்பட்டன. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீற்றர் தொலைவு. நாட்டின் எப்பகுதியில் இறந்தவராயினும், இராணுவத்தினரின் மேற்பார்வையில், உறவினர் ஓரிருவரோடு, அவ்வளவு தூரம் பயணம் செய்து இம்மண்ணுக்கு வரவேண்டியிருந்தது. ஓராண்டுக் காலத்துள் 3,600க்கும் மேற்பட்டோர் இங்கு அடக்கம் பெற்றனர். முஸ்லிம்களே பெரும்பாலோர், ஆயினும் இந்துக்களும் பௌத்தர்களும் கிறித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபையும் ஊர் இளைஞர்களும் இப்பணியைச் சுமந்தனர். நீரைப் பற்றிக் கொழும்பு அஞ்சிய அச்சம் உண்மையானதெனில், களப்பின் கரையில் கிணற்று நீரை நம்பி வாழும் இவ்வூரே முதலிற் கலங்கியிருக்கவேண்டும். ஓட்டமாவடி கலங்கவில்லை. வந்த ஜனாஸாக்களை ஏற்றுக்கொண்டது. வாதம் முழுவதற்கும் அவ்வேற்பு ஒன்றே போதிய மறுப்பாக இருந்தது என்பது மிகையன்று.

செய்தித்தாள்களில் ஓட்டமாவடி என்ற சொல் நாள்தோறும் எண்ணிக்கை ஒன்றோடு சேர்ந்து வந்தது. பாலத்தின் பெயராகவும் சந்தையின் பெயராகவும் இருந்த ஊர்ப்பெயர், நாட்டின் பிற பகுதியார்க்கு மையவாடியின் பெயராயிற்று. ஊர்ப்பெயர்கள் இவ்வாறு பொருள் மாறுவதை வரலாறு பலமுறை கண்டிருக்கின்றது. அவ்வூரில் வாழ்வோரின் மனநிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மீராவோடையிற் பிறந்த எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ முதலிய சிறுகதைகள் வழியாக இப்பிரதேசத்தை அறிந்த வாசகர்க்கு, அது குளத்தையும் ஆட்டையும் மாட்டையும் வயலையும் பேசும் உயிர்ப்புள்ள மண். துயரத்தைப் பேசும்போதும் ஓர் எள்ளலை விடாத பேச்சு அதன் பேச்சு.

மார்ச் 5ஆம் நாள் முதல் அடக்கம் நடந்தது. மார்ச் 13ஆம் நாள், பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் சரத் வீரசேகர, புர்காவைத் தடைசெய்யும் அமைச்சரவைப் பத்திரத்திற் கையொப்பமிட்டதாக அறிவித்தார். காரணம் தேசியப் பாதுகாப்பு. முகக்கவசமின்றி வீதியில் இறங்கினால் கைது செய்யப்படும் நிலை அன்று நாடெங்கும் நடைமுறையில் இருந்தது. முகத்தை மூடாவிட்டால் சுகாதாரச் சட்டம் பிடிக்கும்; மூடினால் பாதுகாப்புச் சட்டம் பிடிக்கும் என்ற நிலையை ஓட்டமாவடிச் சந்தைக்கு வரும் எந்த மூதாட்டியும் விளங்கிக்கொள்வார். மூக்கு வரை மூடுவது தேசபக்தி. கண்ணுக்குக் கீழ் மூடுவது பயங்கரவாதம். இடையிலுள்ள விரற்கடை தூரத்தை அளக்கும் கருவி எதுவும் அமைச்சரவைப் பத்திரத்தோடு இணைக்கப்படவில்லை.

2022 மார்ச்சில் ஏனைய இடங்களிலும் அடக்கம் செய்யலாம் என்றானபின், மஜ்மா நகருக்கு வரும் வண்டிகள் நின்றன. அடுத்த மாதமே எரிபொருளும் மின்சாரமும் பால்மாவும் இல்லாத நாட்டில், காலிமுகத்திடலில் இளைஞர்கள் கூடினர். தாம் குடியேறிய கூடாரத்தொகுதிக்குக் ‘கோட்டா கோ கம’ எனப் பெயரிட்டனர். ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லும் ஆங்கில முழக்கத்தோடு கிராமத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லை இணைத்து அமைத்த பெயர் அது. அங்கே நூலகம் இருந்தது. திரைப்படக் காட்சியிடத்துக்குக் கண்ணீர்ப்புகையின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. சிறுபான்மையினரின் திண்ணைகளிலே தாழ்ந்த குரலில் வளர்ந்த பகிடி, பெரும்பான்மையினரின் வாயில் செம்பொருள் அங்கதமாக வெளிவந்தது எனலாம். அச்சிரிப்பிலே ஓட்டமாவடியின் பங்கை அங்கு நின்ற எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. யூலை 13ஆம் நாள் அதிகாலை ஜனாதிபதி விமானப்படை விமானத்தில் நாட்டைவிட்டு வெளியேறினார். முதலிற் போய் இறங்கிய இடம் மாலைதீவு. முஸ்லிம்களின் உடல்களுக்கு அவர் இடம் கேட்ட அதே மாலைதீவு. வரலாறு தானே பகிடி விடும் வேளைகளில் மனிதர் சும்மா இருப்பதே நலம்.

2024 யூலை மாதத்தில் இலங்கை அமைச்சரவை, கட்டாயத் தகனக் கொள்கையால் பாதிக்கப்பட்ட அனைத்துச் சமூகத்தவரிடமும் அரசாங்கத்தின் பெயரால் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அம்முடிவுக்கு ஆதாரமாக, இடைக்காலத்தில் நாட்டின் நீர்நிலைகள் தொடர்பாக நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டப்பட்டன. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அவற்றுள் ஒன்று. மேற்பரப்பு நீரில் வைரசு சேர்வதற்கு முதன்மையான வழி மனிதரின் மலசலமேயன்றிப் பாதுகாப்பான அடக்கம் அன்று என்பது அவ்வாய்வின் முடிவு. மலசலகூடத்தைப் பற்றிய கேள்வி 2020இலேயே கேட்கப்பட்டிருந்தது.